மலைநாட்டுக் கோயிலின் தூண்கள்

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுகின்ற இடமாதலின் மூணாறு என்று பெயர் பெற்ற அவ்வூரில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஒரு மேட்டின்மேல் கார்மேல் மாதா கோயில் நிற்கின்றது. ஞாயிறு காலையில் மணி ஒலித்தவுடன், தொலைவிலுள்ள லயங்களிலிருந்து ஜீப்பிலும் பஸ்ஸிலும் கால்நடையாகவும் குடும்பங்கள் வந்து சேருகின்றன. வாரத்தில் ஆறு நாள் கொழுந்துக் கூடை சுமந்த தோள்கள் அன்று ஒருநாள் குழந்தையைச் சுமந்து வருகின்றன. பூசை முடிந்தபின் முற்றத்தில் நின்று நலம் விசாரிப்பவர்களும், பிள்ளையின் திருமணத்திற்குச் சான்று கேட்பவர்களும், இறந்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்பவர்களும் பலர். அவர்களுள் புதிதாக வந்தவர் ஒருவர் இருப்பாராயின், அவர் மனத்தில் எழும் முதற்கேள்வி, "இங்கே யாரிடம் எதைக் கேட்பது?" என்பதுதான்.

பிழைப்பை நாடி எல்லை கடந்து வாழும் நம் குடும்பங்களுக்கு அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பங்குக் கோயிலை நடத்துகின்ற குருமார், ஊழியர், பொதுநிலைத் தலைவர் ஆகியோரை ஒருவர்பின் ஒருவராக இங்கே அறிமுகப்படுத்துவோம். இன்று பதவியில் உள்ளவர்களின் பெயர்களைக் கூறப்போவதில்லை. குருமார் மாற்றலாகிச் செல்வர். நிர்வாகிகள் தேர்தலில் மாறுவர். பதவியும் அதன் கடமையுமே நிலைத்திருப்பவை. அக்கடமைகளை அறிந்துகொண்டால், எந்த ஊர்க் கோயிலுக்குச் சென்றாலும் நாம் அந்நியராக நிற்க வேண்டியதில்லை.

கோயில் வந்த கதை

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1897-ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது. காட்டை வெட்டித் தேயிலை நடுவதற்குத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். போடிநாயக்கனூர் வழியாகக் கொட்டகுடிக்கு வந்து, அங்கிருந்து செங்குத்தான மலையேறி டாப் ஸ்டேஷனை அடைந்தவர்கள் பலர். அவர்கள் மூட்டையில் அரிசி இருந்தது, கருப்பட்டி இருந்தது, சிலருடைய மூட்டையில் ஒரு செபமாலையும் இருந்தது.

அந்தச் செபமாலையைத் தேடித்தான் குருவானவர் பின்னால் வந்தார். 1898-ஆம் ஆண்டில் அல்போன்ஸ் என்னும் ஸ்பானிய நாட்டுக் கார்மேல் சபைக் குருவானவர் மூணாற்றில் கோயிலைத் தோற்றுவித்தார். உயர்நிலப் பகுதியின் கத்தோலிக்கக் கோயில்களுக்கு அதுவே தாய்க் கோயில் என்று போற்றப்படுகின்றது. கம்பெனி தோன்றிய மறுவருடமே கோயிலும் தோன்றியது என்பது கருதத்தக்கது. முதலில் வராப்புழை மறைமாவட்டத்தின் ஆட்சியில் இருந்த இப்பகுதி, 1930-ஆம் ஆண்டில் கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்டு விஜயபுரம் மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது அதன்கீழ் வந்தது. அதன் முதல் ஆயர் பொனவெந்தூர் அரானாவும் ஸ்பானியக் கார்மேல் துறவியே. கூலித் தொழிலாளரின் ஆறுதலுக்காக எழுந்த அந்த மூணாற்றுக் கோயில், பாப்பரசர் பிரான்சிஸ் காலத்தில் பசிலிக்கா என்னும் உயர்ந்த சிறப்பையும் பெற்றது.

பாலக்காட்டு எல்லையில் வரலாறு வேறு. பாலக்காடு, சித்தூர்ப் பக்கத்து லத்தீன் முறைத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் கோயமுத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவராயிருந்தனர். மாநில எல்லை இவ்விரு ஊர்களையும் பிரித்தபின்பும் கோயில் எல்லை பிரிக்கவில்லை. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில்தான் பாலக்காட்டுச் சுல்தான்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மறைமாவட்டம் அமைந்தது. அதன் முதல் ஆயராகப் பீட்டர் அபீர் அந்தோணிசாமி அவர்கள் 2014-ஆம் ஆண்டில் பொறுப்பேற்றார்கள். புனித செபஸ்தியார் கோயில் அதன் தலைமைக் கோயிலாகும்.

மூணாற்றிலுள்ள மற்றொரு பழங்கோயிலையும் கூறாமல் விடலாகாது. கிறிஸ்து நாதர் கோயில் எனப்படும் அக்கற்கோயிலுக்கு 1910-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது, மறுவருடம் திறக்கப்பட்டது. ஆனால் கோயிலுக்கு முன்பே அங்கே கல்லறை தோன்றிவிட்டது. தோட்ட அதிகாரி ஹென்றி நைட் என்பவரின் இளம் மனைவி எலினார் 1894-ஆம் ஆண்டு டிசம்பரில் காலரா நோயால் இறந்து அக்குன்றில் அடக்கம் செய்யப்பட்டார். துரைமாருக்காகக் கட்டப்பட்ட அக்கோயில் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அங்கே தமிழிலும் வழிபாடு நடைபெறுகின்றது.

பெயர்களில் மயக்கம் வேண்டாம்

புதிதாக வரும் குடும்பத்தார் முதலில் தடுமாறுவது பெயர்களில்தான். கத்தோலிக்கருள் மேற்றிராணியார் என்று நம் முன்னோர் கூறியவரை இன்று ஆயர் என்கிறோம். தென்னிந்தியத் திருச்சபையாரோ அப்பதவியில் உள்ளவரைப் பேராயர் என்றும், சபைக் குருவையே ஆயர் என்றும் அழைப்பர். நாம் பங்கு என்றும், பழைய வழக்கில் விசாரணை என்றும் சொல்வதை மலையாளத்தார் 'இடவக' என்பர். நாம் சாமி என்று அழைக்கும் பங்குக்குரு அவர்களுக்கு 'விகாரியச்சன்'. நம் கோயிற்பிள்ளை அங்கே 'கப்பியார்'. ஞானஸ்நானம் அங்கே 'மாமோதீசா'. கோயிற் பொருளைக் கவனிக்கும் தர்மகர்த்தா 'கைக்காரன்'. சொல் வேறாயினும் பொருள் ஒன்றே.

கேரளத்தில் கத்தோலிக்கருள் லத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரை என மூன்று வழிபாட்டு முறைகள் உண்டு. இடுக்கி மாவட்டத்திலேயே 2003-ஆம் ஆண்டு முதல் சீரோ மலபார் முறைக்கு இடுக்கி என்னும் பெயரில் தனி மறைமாவட்டம் இருக்கின்றது. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் நம்மவர் பெரும்பாலும் லத்தீன் முறையினர். எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் நாம் பூசை காணலாம். ஆனால் ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றுக்கு நம் முறையைச் சேர்ந்த பங்கில் பெயரைப் பதிந்து வைத்திருப்பதே ஒழுங்கு. பின்னால் வரும் அலைச்சலை அது தவிர்க்கும்.

பங்குக்குரு

பங்குக்குருவை நியமிப்பவர் ஆயர். பூசை நிறைவேற்றுவது, பாவசங்கீர்த்தனம் கேட்பது, நோயாளிக்கு அவஸ்தைபூசுதல் கொடுப்பது, போதிப்பது ஆகியவை அவருடைய முதற்கடமைகள். இவை பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையிலும் கடன் திருநாளிலும் தம் பங்கு மக்களுக்காகவே அவர் ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அப்பூசைக்கு எவரும் காணிக்கை தர வேண்டியதில்லை. நீங்கள் ஊரில் இருந்தாலும், திருப்பூரில் வேலை தேடிப் போயிருந்தாலும், பங்கைச் சேர்ந்தவராயிருக்கும்வரை அந்தப் பூசையில் உங்களுக்கும் பங்குண்டு.

பெரிய பங்குகளில் அவருக்கு உதவிக் குருக்கள் இருப்பர். மலைநாட்டில் ஒரு பங்கு என்பது ஓர் ஊரன்று. தாய்க் கோயில் ஓரிடத்தில் இருக்க, எஸ்டேட்டுகளிலும் அவற்றின் டிவிஷன்களிலும் சிற்றாலயங்கள் இருக்கும். தென்மேற்குப் பருவமழையில் பாதை சரிந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது அரிது. கார்மேல் மாதாவின் திருநாளான ஜூலை 16-ஆம் நாளே கடும் மழைக்காலத்தில்தான் வருகின்றது. இத்தகைய நிலத்தில் ஒரு குருவானவர், அவர் எத்துணைச் சுறுசுறுப்பானவராயினும், எங்கும் இருக்க இயலாது. அவர் இல்லாத இடத்தில் கோயிலாக நின்றவர்கள் யார்? அவர்களே இக்கட்டுரையின் உண்மையான நாயகர்கள்.

உபதேசியார்

முதலில் உபதேசியார். அவர் குருவானவர் அல்லர், நம்மைப்போல் குடும்பஸ்தர். பல தோட்டங்களில் அவரும் மஸ்டரில் பெயர் கொடுத்து வேலை செய்தவரே. மாலையில் வேலை முடிந்தபின் லயத்து வாசலில் குழந்தைகளைக் கூட்டி வைத்து மந்திரமும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுத்தார். ஞாயிறன்று குரு வராத சிற்றாலயத்தில் செபமாலை நடத்தினார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். ஆபத்து வேளையில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் போதனை. ஆனால் தண்ணீரை ஊற்றிச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர் ஒருவரே. மழையில் குரு வர இயலாதபோது இறந்தவருக்குச் செபம் சொல்லிக் குழியில் முதற்பிடி மண் இட்டவரும் அவரே.

அவருடைய பெருமையை உணர ஒரு பழைய செய்தியை நினைவு கூர வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பரில் வழிபாட்டுச் சீர்திருத்தத்தை அறிவிக்கும்வரை லத்தீன் முறைப் பூசை எங்கும் லத்தீன் மொழியிலேயே நடந்தது. ஆகவே பீடத்தில் தமிழா மலையாளமா என்னும் கேள்வியே அந்நாளில் எழவில்லை. ஸ்பானியக் குருவும், திருநெல்வேலித் தொழிலாளியும், மலையாளக் கணக்கரும் ஒரே லத்தீனைக் கேட்டனர். ஆனால் செபம், பாட்டு, ஞானோபதேசம், ஆறுதல் மொழி ஆகிய இவையெல்லாம் தமிழில் வாழ்ந்தது உபதேசியாரின் நாவில்தான். பீடத்தின் மொழி லத்தீன். வாசற்படியின் மொழி தமிழ். வாசற்படியைக் காத்தவர் அவர்.

சங்கத்திற்குப் பின் மக்கள் மொழி பீடம் ஏறியது. அன்று தொடங்கித்தான் எந்த மணிப் பூசை எந்த மொழியில் என்னும் கணக்கும் தொடங்கியது. தமிழ்ப் பூசைக்கு வருவோர் எத்தனை பேர், தமிழில் வாசிப்போர் யார், பாடுவோர் யார் என்பனவெல்லாம் அக்கணக்கில் அடங்கும். இதனைப் பின்னர் மீண்டும் காண்போம்.

நெடுங்காலம் எழுதப்படாத வழக்கமாயிருந்த உபதேசியார் பணியைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக அறிவித்தார். அதே ஆண்டு ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் என்னும் பணிகளைப் பெண்களும் முறையாகப் பெறலாம் என்று சட்டத்தைத் திருத்தினார். மலைநாட்டு லயங்களில் பெண்கள் நெடுங்காலமாகச் செய்துவந்ததைச் சட்டம் பின்னால் வந்து ஏற்றுக்கொண்டது எனலாம்.

கோயிற்பிள்ளை

வைகறையில் முதலில் எழுபவரும் இரவில் கடைசியாகக் கதவடைப்பவரும் கோயிற்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்தைத் துடைத்து விரிப்பு மாற்றுவது, மெழுகுதிரி, திராட்சரசம், அப்பம், திருவுடை ஆகியவற்றை ஆயத்தம் செய்வது அவர் வேலை. எந்த நாளுக்கு எந்த நிறத் திருவுடை என்பதை அவர் கேட்டு அறிவதில்லை, மனப்பாடமாக அறிவார். தவக்காலத்திற்கு ஊதா, பாஸ்காவுக்கு வெள்ளை, வேதசாட்சிகளுக்குச் சிவப்பு.

மணி ஓசையிலேயே செய்தி சொல்பவர் அவர். பூசை மணி வேறு, துக்க மணி வேறு. துக்க மணி கேட்டால் கொழுந்து பறிப்பவர்கள் ஒரு கணம் கை நிறுத்தி, "யாருக்கு?" என்று ஒருவரை ஒருவர் பார்ப்பர். மிகக் குறைந்த சம்பளமும் மிக நீண்ட பணிநேரமும் உடைய இவ்வூழியரை நாம் பெயர் சொல்லி வணங்குவதற்குக்கூட மறந்துவிடுகிறோம். அடுத்த ஞாயிறு அவரிடம் ஒரு நல்ல வார்த்தை கூறுவோமாக.

அலுவலகமும் பதிவேடும்

பங்கு அலுவலகத்தில் ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி. அந்த அலமாரியில் இருப்பவை ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றின் பதிவேடுகள். அவற்றைப் பேணுவது பங்குக்குருவின் சட்டப்படியான கடமை. எழுதுவதிலும் நகல் எடுப்பதிலும் அவருக்கு உதவுபவர் அலுவலக எழுத்தர்.

இடம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்கள் இதைப்பற்றி நன்றாக அறிந்திருக்க வேண்டும். ஒருவர் எங்கே ஞானஸ்நானம் பெற்றாரோ, அந்தப் பதிவேடே அவருடைய வாழ்நாள் ஏடு. மூணாற்றில் ஞானஸ்நானம் பெற்ற பெண் பின்னாளில் கோயமுத்தூரில் திருமணம் செய்துகொண்டால், அத்திருமணச் செய்தி மூணாற்றுக்கு அனுப்பப்பட்டு, அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். உறுதிபூசுதலுக்கும் அவ்வாறே. ஆகவே குடும்பம் எங்கே சென்றாலும் அந்த ஒரு வரி பிறந்த மலையிலேயே இருந்துகொண்டு, அவர்கள் வாழ்வை எழுதிக்கொண்டே இருக்கின்றது.

இதில் நாம் செய்யும் தவறுகள் மூன்று. பதிவின்போது பெயரை ஒருவிதமாகவும் பள்ளியில் வேறுவிதமாகவும் கொடுப்பது முதலாவது. தந்தையின் பெயரைத் தமிழில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் மலையாளத்தில் வேறொன்றிலும் எழுதவிட்டுச் சரிபாராமல் போவது இரண்டாவது. திருமணத்திற்கு ஒரு வாரம் இருக்கும்போது சான்று கேட்டு ஓடிவருவது மூன்றாவது. எழுத்தரிடம் முன்கூட்டியே செல்லுங்கள். ஞானஸ்நானம் பெற்ற ஆண்டு, பெற்றோர் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர், அந்நாளில் குடியிருந்த எஸ்டேட்டின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பழைய பதிவைத் தேட அவை போதும்.

கன்னியர்

பங்கை அடுத்துக் கன்னியர் மடம் இருக்குமிடத்தில் அச்சகோதரிகள் பள்ளியிலும் மருந்தகத்திலும் பணிபுரிவர். ஞாயிறு மறைக்கல்விக்கும் துணைநிற்பர். லயத்துப் பெண்கள் குருவிடம் சொல்லக் கூசும் துயரங்களை, குடிகாரக் கணவன், படிப்பை நிறுத்திய மகள், அடகு வைத்த நகை ஆகியவற்றை முதலில் சொல்வது இச்சகோதரிகளிடமே. அவர்கள் கேட்டதை வெளியே சொல்வதில்லை. அதனாலேயே அவர்களிடம் சொல்லப்படுகின்றது.

பொதுநிலைத் தலைவர்கள்

இனி, சம்பளமின்றிக் கோயிலைத் தாங்குபவர்களைக் காண்போம்.

பங்குப் பேரவை என்பது பல லயங்களிலிருந்தும் சபைகளிலிருந்தும் வந்த பிரதிநிதிகள், பங்குக்குருவின் தலைமையில் கூடி ஆலோசனை கூறும் அவை. அதற்கு ஆலோசனை கூறும் உரிமையே உண்டு. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் நிதிக்குழு அப்படியன்று. ஒவ்வொரு பங்கிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதிக்கின்றது. உண்டியலில் விழுந்த காசுக்குக் கணக்கு வைக்க உதவுவது அதன் பொறுப்பு. கணக்குக் கேட்பது அவமரியாதை என்று எண்ணும் நல்ல உள்ளங்கள் நம்மிடையே பல. கணக்கு எழுதி வைப்பது கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் பாதுகாப்பு என்பதை அவர்கள் உணர வேண்டும்.

வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைக் குடும்பங்களை இருவர் இருவராகச் சென்று காண்பவர்கள். 1833-ஆம் ஆண்டில் பாரீஸ் நகரில் பிரெடெரிக் ஓசானம் என்னும் இருபது வயது மாணவரும் அவர் நண்பர்களும் தொடங்கியது இச்சபை. மரியாயின் சேனையை 1921-ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் பிராங்க் டஃப் என்னும் அரசாங்க ஊழியர் தொடங்கினார். இவ்விருவரும் குருமாரல்லர் என்பதை நம் இளைஞர் கவனிக்க வேண்டும். அன்பியம் என்றும் குடும்பக் கூட்டம் என்றும் வழங்கும் சிறு குழுக்களில் அண்டை வீட்டார் வீடு வீடாகக் கூடி வேதம் வாசிக்கின்றனர். பாடகர் குழுவும், வாசகரும், பீடச் சிறுவரும், திருநாள் கமிட்டியினரும் இவர்களுடன் சேர்ந்தவர்களே.

நம் நாட்டுப் பொதுநிலையினருள் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவரும் இந்தப் பழைய திருவிதாங்கூர் மண்ணைச் சேர்ந்தவரே. நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டில் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் வேதத்திற்காக உயிர்துறந்த தேவசகாயம் 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் குருவுமல்லர், துறவியுமல்லர், அரண்மனை உத்தியோகஸ்தர், மணமானவர்.

துன்பம் வரும் வேளையில் பொதுநிலையினரின் அருமை தெரியும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணில் புதைந்தன. எழுபது உயிர்கள் போயின. அந்த இருளில் செய்தி வெளியுலகை எட்டவே விடியவேண்டியிருந்தது. எந்த மதத்தவராயினும், அத்தகைய இரவில் முதலில் வந்து நிற்பவர் அடுத்த லயத்து மனிதரே. பட்டணத்திலிருந்து வருபவர் அல்லர்.

கவலைக்குரிய செய்தி

இவ்வளவு தூண்கள் இருக்கக் குறை என்ன என்று கேட்கலாம். குறை ஒன்று உண்டு. அது பெரியது.

பிற ஊர்களில் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின்தான் கோயிலுக்கு முழுமையாகக் கிடைக்கிறார். நேரம் உண்டு, அனுபவம் உண்டு, பிள்ளைகள் தலையெடுத்துவிட்டனர். பட்டணத்துப் பங்குகளின் பேரவைகளைப் பாருங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியரும் எழுத்தருமே நிறைந்திருப்பர். மலைத்தோட்டத்திலோ வீடு வேலையோடு சேர்ந்தது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் கடமையை நிர்வாகத்தின்மேல் வைத்தது. ஓய்வு பெற்றவருக்கு அவ்வீடு சொந்தமாகவில்லை. குடும்பத்தில் வேறொருவர் தோட்ட வேலையில் இல்லையாயின் லயத்தை விட்டு வெளியேற வேண்டும். அங்கே ஓய்வு பெறும் நாளே ஊரைப் பிரியும் நாள். நாற்பது ஆண்டு செபம் சொல்லித் தந்த உபதேசியார், எல்லாப் பாட்டும் மெட்டும் அறிந்த மூதாட்டி, எந்தக் கல்லறை எவருடையது என்று சொல்லக்கூடிய கிழவர் ஆகியோர் மூட்டை கட்டிக்கொண்டு மலை இறங்குகின்றனர். அவர்களோடு கோயிலின் நினைவும் இறங்கிவிடுகின்றது.

அவர்கள் இடத்தை நிரப்ப வேண்டிய இளைஞரோ வேலை தேடி முன்னமே இறங்கிவிட்டனர். இருப்பவருள்ளும் பலருக்கு ஒரு தடை உண்டு. ஓர் உபதேசியாருக்கும் பள்ளி மாணவன் ஒருவனுக்கும் நடக்கக்கூடிய பேச்சு இது:

"தம்பி, வருகிற ஞாயிறு முதல் வாசகம் நீ வாசிக்கிறாயா?"

"உபதேசியார் ஐயா, தமிழ் நன்றாகப் பேசுவேன். வாசிக்கத்தான் வராது. பள்ளிக்கூடத்தில் மலையாளமும் இங்கிலீஷும்தான்."

"அம்மா செபப்புத்தகம் வாசிப்பார்களே?"

"அம்மா வாசிக்கும்போது நான் கேட்பேன், ஐயா. புத்தகம் அம்மா கையில்தான் இருக்கும்."

இச்சிறு உரையாடலில் அடங்கியிருக்கிறது நம் எதிர்காலம். கேட்கத் தெரிந்த தலைமுறை பாட்டுக் கற்றுக்கொள்ளும். வாசிக்கத் தெரிந்த தலைமுறைதான் பொறுப்பை ஏற்கும். தமிழ்ப் பூசைக்கு வாசகர் இல்லாவிடில், பாடகர் இல்லாவிடில், கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் மணி நேரம் குறையும். குருவானவரைக் குறை கூறிப் பயனில்லை. வாசகரை உண்டாக்குவது நம் வீட்டில் நடக்க வேண்டிய காரியம்.

மலையாளத்தைப் பகைப்பது இதன் பொருளன்று. நம்மை வாழவைக்கும் நாட்டின் மொழி அது. நம் பிள்ளைகள் அதைச் செவ்வையாகக் கற்கட்டும். இரு மொழியும் அறிந்த ஓர் இளைஞன் பங்கு அலுவலகத்தில் இரு பிள்ளைகளுக்குச் சமம். பாட்டியின் பெயரை மலையாளப் பதிவில் சரியாக எழுதச் செய்பவன் அவனே.

நாம் செய்யத்தக்கவை

மலையில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் எஸ்டேட்டில் ஓய்வு பெறப்போகும் பெரியவர் எவரேனும் இருந்தால், அவர் இறங்குமுன் ஒரு மாலை அவருடன் அமருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றாலயம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது, உபதேசியார்களாக இருந்தவர் யார் யார், எந்தத் திருநாளுக்கு எந்தப் பாட்டு, எந்தக் கல்லறை யாருடையது என்பவற்றையெல்லாம் கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். பேரவையில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இளையவர் ஒருவரை அமர்த்துங்கள். அவர் இறங்கும் நாளில் இவர் எழுந்து நிற்பார்.

மலை இறங்கியவர்களுக்கு வேறொரு வேண்டுகோள். புதிய ஊரின் கோயிலில் கடைசி வரிசையில் அமர்ந்து, பூசை முடிந்ததும் வீடு திரும்பிவிடாதீர்கள். பழைய பங்குக்குருவிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதம் பெற்றுச் சென்று பங்குக்குருவைக் காணுங்கள். "நான் மலையில் உபதேசியாராயிருந்தேன்", "நான் பாடகர் குழுவில் இருந்தேன்" என்று சொல்லுங்கள். அது தற்பெருமை அன்று. உங்கள் கையிலுள்ள தாலந்தைப் புதைக்காமலிருப்பதே அது.

தாய்மாருக்கு இறுதியாக ஒன்று. இரவுச் செபத்தின்போது செபப்புத்தகத்தை ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பிள்ளையின் கையில் கொடுங்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறட்டும், பொறுமையோடு கேளுங்கள். ஓராண்டில் அவன் தடுமாறாமல் வாசிப்பான். அதற்கு அடுத்த ஆண்டு பூசையில் அவன் குரல் கேட்கும்.

அன்று மூட்டையில் ஒரு செபமாலையோடு மலை ஏறியவர்களைத் தேடிக் கோயில் வந்தது. அவர்களுக்குக் குருவில்லை, கட்டடமில்லை, பதவியில்லை. வாயில் செபமும் மனத்தில் உறுதியும் இருந்தன. இன்று கோயில் பசிலிக்காவாக உயர்ந்து நிற்கின்றது. அதன் கற்றூண்கள் உறுதியானவை. உயிர்த்தூண்களாக நிற்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். செபப்புத்தகத்தை இன்றிரவே அவர்கள் கையில் கொடுப்போமாக.